பெயரும் தடமும்: அடையாளம் மறைக்கும் இணையக் கருவிகள் காப்பது எதை?

இணையத்தில் ஒருவர் எதைப் படிக்கிறார், எதைத் தேடுகிறார், யாருடன் தொடர்புகொள்கிறார் என்பதைப் பிறர் அறியாமல் காப்பதாகக் கூறும் கருவிகள் இன்று கைபேசி வைத்திருக்கும் எவருக்கும், பெரும்பாலும் இலவசமாகவே, கிடைக்கின்றன. இணைய உலாவிக்குள்ளேயே அமைந்திருக்கும் மறைநிலைச் சாளரம், வி.பி.என். எனச் சுருக்கமாக வழங்கும் மெய்நிகர் தனியார் வலையமைப்புச் செயலிகள், டோர் வலையமைப்பு ஆகிய மூன்றும் இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. விளம்பரங்கள் இவற்றை ஊடுருவ முடியாத கவசமாகக் காட்டுகின்றன. காவல்துறையின் செய்திக்குறிப்புகளோ, எந்தக் கருவிக்குப் பின்னால் ஒளிந்தாலும் குற்றவாளி பிடிபடுவது உறுதி என்கின்றன. இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே முழு உண்மையாக இருக்க இயலாது. எனினும் இரண்டுக்கும் சான்றுகள் உள்ளன என்பதே இப்பொருளை ஆராயத் தூண்டுகிறது.

முரண்போலத் தோன்றும் இந்நிலைக்குக் காரணம், ‘மறைக்கிறதா, இல்லையா’ என்ற கேள்வி பிழையாகக் கேட்கப்படுவதே ஆகும். இணையத்தில் நிகழும் எந்தச் செயலும் ஏதேனும் ஒரு கணினியில் பதிவாகியே தீரும். பதிவே இல்லாத இணையப் பயன்பாடு என்று ஒன்று கிடையாது. ஆனால் ‘இவர் யார்’ என்ற செய்தியும் ‘இவர் செய்தது என்ன’ என்ற செய்தியும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் மட்டுமே அப்பதிவு அவருக்கு எதிராகத் திரும்ப முடியும். ஆகவே ஒரு கருவியின் காப்புத்திறனை, அது இவ்விரு செய்திகளையும் எத்தனை கைகளில் பிரித்து வைக்கிறது, அக்கைகள் மீண்டும் ஒன்றுசேர்வது எவ்வளவு கடினம் என்ற இரண்டையும் கொண்டே அளவிட வேண்டும். இந்த அளவுகோலைக் கடலூர் மாவட்டத்தின் ஓர் ஊரில் தொடங்கும் ஒரு சாதாரணத் தேடலின்மீது வைத்துப் பார்ப்பது பயனுடையது.

ஒரு தேடலின் பாதை

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி செல்லும் நெடுஞ்சாலையில், முந்திரி வணிகத்துக்குப் பெயர்பெற்ற காடாம்புலியூரில், ஒருவர் தம் கைபேசியில் காசநோய் சிகிச்சை பற்றித் தேடி, அதற்கான ஓர் இணையதளத்தைத் திறந்து, பிறகு சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி பார்க்கிறார் எனக் கொள்வோம். நோயைக் காட்டிலும் நோய் பற்றிய ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் சூழலில், இத்தேடல் மறைவாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்புவது இயல்பு.

இத்தேடல் முதலில் பதிவது அவருடைய கைபேசியிலேயே: உலாவியின் வரலாற்றுப் பட்டியலிலும், குக்கி எனப்படும் சிறு அடையாளக் கோப்புகளிலும் அது தங்குகிறது. அடுத்து, அருகிலுள்ள கைபேசிக் கோபுரத்தின் வழியே அது தொலைத்தொடர்பு நிறுவனத்தை அடைகிறது. சிம் அட்டை வாங்கும்போதே அடையாளச் சான்று பெறப்பட்டிருப்பதால், பயனரின் பெயரும் முகவரியும் அந்நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ளன. எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் அவர் இருக்கிறார் என்பதும் அதற்குத் தெரியும். இணையதளங்களின் பெயரை எண்வடிவ முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையையும் பெரும்பாலும் அந்நிறுவனமே நடத்துவதால், எந்தத் தளம் திறக்கப்பட்டது என்பதும் அதற்குப் புலனாகிறது. ஆனால் இன்று பெரும்பாலான தளங்கள் பயன்படுத்தும் எச்.டி.டி.பி.எஸ். என்னும் மறையாக்க முறை, பயனருக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படிக்க இயலாதபடி உருமாற்றிவிடுவதால், அத்தளத்துக்குள் எந்தப் பக்கம் படிக்கப்பட்டது என்பதை நிறுவனம் காண முடியாது.

மறுமுனையில், தளத்தை நடத்துபவருக்குப் படிக்கப்பட்ட பக்கம் தெரியும். வந்தவரின் பெயர் தெரியாது, ஐ.பி. முகவரி எனப்படும் இணைய எண்முகவரி மட்டுமே தெரியும். இந்தியக் கைபேசி வலையமைப்புகளில் பழைய வகை எண்முகவரிகள் பற்றாக்குறையாக இருப்பதால் பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றனர். தளத்தின் பார்வையில் காடாம்புலியூர்க்காரரும் முன்பின் அறியாத பிறரும் ஒரே முகவரியிலிருந்து வருபவர்களாகவே தோன்றுவர். ஆனால் எந்த நொடியில் எந்த வாடிக்கையாளருக்கு எந்த முகவரியும் இணைப்பு எண்ணும் ஒதுக்கப்பட்டன என்ற பதிவைத் தொலைத்தொடர்பு நிறுவனம் வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தி, அழைப்பு விவரங்களையும் இணைய முகவரி விவரங்களையும் குறைந்தது 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என ஆணையிட்டது. எனவே தளத்தின் பதிவும் நிறுவனத்தின் பதிவும் ஒரு மேசையில் வைக்கப்படும்போது பெயரும் செயலும் ஒன்றாகிவிடுகின்றன.

இவ்விருவருக்கும் அப்பால் இன்னொரு தரப்பும் உண்டு. அத்தளத்தில் விளம்பர நிறுவனங்களின் நிரல்கள் இணைக்கப்பட்டிருந்தால், அவை ஒரு தளத்தில் கண்ட பயனரை மற்றொரு தளத்திலும் அடையாளம் கண்டு, அவருடைய ஆர்வங்களைத் தொகுத்துக்கொண்டே செல்கின்றன. தேடுபொறிக் கணக்கில் அவர் உள்நுழைந்திருந்தாலோ, தேடற்சொற்கள் அனைத்தும் அவருடைய பெயருக்கு நேராகவே எழுதப்படுகின்றன.

மறைநிலைச் சாளரம்: வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் திரை

மேற்கண்ட பாதையில் மறைநிலைச் சாளரம் தொடுவது முதல் கண்ணியை மட்டுமே. ஆப்பிளின் சஃபாரி உலாவியில் 2005இலும், கூகுளின் குரோம் உலாவியில் 2008இலும் அறிமுகமான இவ்வசதி, சாளரம் மூடப்பட்டதும் வரலாற்றையும் குக்கிகளையும் கைபேசியிலிருந்து நீக்குகிறது. தொலைத்தொடர்பு நிறுவனம் காண்பதையோ, தளம் காணும் ஐ.பி. முகவரியையோ அது சிறிதும் மாற்றுவதில்லை. அதாவது பெயரும் செயலும் பிரிக்கப்படவே இல்லை. அவற்றின் ஒரு படி மட்டும் அழிக்கப்படுகிறது.

இவ்வேறுபாடு எவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை அமெரிக்காவில் கூகுளுக்கு எதிராக 2020 ஜூனில் தொடரப்பட்ட வழக்கு காட்டுகிறது. மறைநிலையில் உலாவியபோதும் தங்கள் செயல்பாடுகள் கூகுளின் விளம்பர, பகுப்பாய்வு நிரல்கள் வழியே திரட்டப்பட்டன என்பது வாதிகளின் குற்றச்சாட்டு. 2024 ஏப்ரலில் நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட உடன்பாட்டின்படி, பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்கவும், மறைநிலைச் சாளரம் திறக்கும்போது தோன்றும் அறிவிப்பைத் தெளிவாக்கவும் கூகுள் ஒப்புக்கொண்டது.

இதனால் மறைநிலைச் சாளரம் பயனற்றது என்ற முடிவுக்கு வருவது தெற்காசியச் சூழலை அறியாததாகும். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளில் 199 பேரை நேர்கண்டு நித்யா சம்பசிவனும் பிறரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, இங்குப் பெண்களின் கைபேசி கணவர், பிள்ளைகள், மாமியார் எனப் பலர் கையில் புழங்குவதையும், கைபேசிப் பூட்டு, செயலிப் பூட்டு, வரலாற்றில் தேர்ந்தெடுத்து அழித்தல், மறைநிலைச் சாளரம் ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் தமக்கென ஒரு மறைவிடத்தை அமைத்துக்கொள்வதையும் பதிவு செய்கிறது. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்ட உதவியைத் தேடும் ஒரு பெண்ணுக்கு உடனடி ஆபத்து விளம்பர நிறுவனத்திடமிருந்து வருவதில்லை. அடுத்த அறையிலிருந்து வருகிறது. அந்த ஆபத்தைப் பொறுத்தவரை, மூன்று கருவிகளில் மிக எளியதான இதுவே மிகப் பொருத்தமானதும் ஆகும்.

கைபேசி பரவுவதற்கு முன்னர், கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் இத்தகைய மறைவிடமாகப் பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. அவற்றை முறைப்படுத்த மத்திய அரசு 2011இல் கொண்டுவந்த விதிகள், அடையாளச் சான்று காட்டாத எவரையும் கணினியைப் பயன்படுத்த அனுமதிக்கக் கூடாது என்றன. பெயர், முகவரி, எந்தக் கணினி, அமர்ந்த நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி ஓராண்டு பாதுகாக்கச் சொன்னதோடு, தடுப்புகளின் உயரம் நான்கரை அடிக்கு மேற்படக் கூடாது என்றும், தடுப்பில்லாத கணினிகளின் திரை வெளிப்புறம் நோக்கி இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தன. பெயரையும் செயலையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து வைப்பது என்ற இந்த அணுகுமுறை பின்னர் வந்த இந்திய விதிகள் பலவற்றிலும் தொடர்கிறது.

வி.பி.என்.: நம்பிக்கையின் இடமாற்றம்

வி.பி.என். செயலி, கைபேசியிலிருந்து புறப்படும் போக்குவரத்து முழுவதையும் மறையாக்கம் செய்து, வேறோர் இடத்தில் உள்ள தன் வழங்கிக் கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து உரிய தளத்துக்குச் செலுத்துகிறது. இதன் விளைவாகத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் ஒரு வி.பி.என். வழங்கியுடன் பேசுகிறார் என்பது மட்டுமே தெரியும்; தளத்துக்கு அந்த வழங்கியின் முகவரி மட்டுமே தெரியும். பொது இடங்களில் கிடைக்கும் இலவச வைஃபையைப் பயன்படுத்துவோருக்கும், தடைசெய்யப்பட்ட தளங்களை அணுக வேண்டியோருக்கும் இது பயன் தருகிறது. ஆனால் இருமுனையையும் ஒருங்கே காணும் ஒரு புதிய கை இடையில் முளைத்துவிடுகிறது. முன்பு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இருந்த அறிவு வி.பி.என். நிறுவனத்துக்குக் கைமாறியிருக்கிறதே ஒழிய, பிரிக்கப்படவில்லை.

அந்தப் புதிய கை நம்பத்தக்கதா என்பதற்குச் சான்றுகள் கலவையாகவே உள்ளன. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஓனவோ நிறுவனத்தின் வி.பி.என். செயலி, பயனரைக் காப்பதாகக் கூறிக்கொண்டே, அவர்கள் எந்தப் போட்டிச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றனர் என்ற செய்தியைத் தாய் நிறுவனத்துக்குத் திரட்டித் தந்தது. 2018இல் அது ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து அகற்றப்பட்டது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016இல் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைச் சோதித்தபோது, 18 விழுக்காட்டுச் செயலிகள் போக்குவரத்தை மறையாக்கமே செய்யவில்லை என்பதும், 75 விழுக்காட்டுச் செயலிகளில் பயனரைப் பின்தொடரும் பிறர் நிரல்கள் பொதிந்திருந்தன என்பதும் வெளிப்பட்டன. எந்தப் பதிவும் வைப்பதில்லை என உறுதியளித்துவந்த, ஹாங்காங்கைத் தளமாகக் கொண்ட ஏழு வி.பி.என். சேவைகளின் பயனர் பதிவுகள் 2020 ஜூலையில் பாதுகாப்பற்ற வழங்கியொன்றில் திறந்து கிடக்கக் கண்டுபிடிக்கப்பட்டன. பயனரிடம் பணம் பெறாத சேவை தன் செலவை வேறெங்கோ ஈட்டியாக வேண்டும் என்ற வணிக விதி இங்கும் செயல்படுகிறது.

இந்தியாவில் இக்கேள்வி 2022இல் சட்டவடிவம் பெற்றது. செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரகாலச் செயற்குழு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, வி.பி.என். நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கப்பட்ட ஐ.பி. முகவரிகள், சேவையைப் பெறும் நோக்கம் ஆகியவற்றைச் சேகரித்து, வாடிக்கையாளர் விலகிய பின்னரும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கென நடத்தும் உள்வலையமைப்புகளுக்கு இது பொருந்தாது எனப் பின்னர் விளக்கப்பட்டது. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என்., புரோட்டான் ஆகியவை இதனை ஏற்க மறுத்து, அதே ஆண்டில் இந்தியாவிலிருந்த தம் வழங்கிக் கணினிகளை அகற்றிக்கொண்டன. அவற்றுள் சில, சிங்கப்பூர் போன்ற இடங்களில் நிறுவிய கணினிகளுக்கு இந்திய முகவரி அளித்து, இந்தியாவிலிருந்து இணைவதுபோன்ற தோற்றத்தைத் தொடர்ந்து வழங்கின. 2025 ஜனவரியில், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் செயலி உள்ளிட்ட சில வி.பி.என். செயலிகள், அரசின் ஆணையை அடுத்து, ஆப்பிள், கூகுள் நிறுவனங்களின் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து மறைந்தன.

காடாம்புலியூர்ப் பயனருக்கு இதன் பொருள் தெளிவானது. இந்திய விதிக்கு உட்படும் சேவையைத் தேர்ந்தால், அவருடைய பெயரும் முகவரியும் சரிபார்க்கப்பட்டு ஐந்தாண்டுக் காலம் காத்திருக்கும். வெளிநாட்டுச் சேவையைத் தேர்ந்தால், அவர் அணுகவே இயலாத ஒரு நாட்டின் சட்டத்தையும், முகமறியாத ஒரு நிறுவனத்தின் வாக்குறுதியையும் நம்பியாக வேண்டும்.

டோர்: பிரித்து வைத்தலின் உச்சமும் எல்லையும்

பெயரையும் செயலையும் உண்மையிலேயே வெவ்வேறு கைகளில் பிரிப்பதற்கென உருவாக்கப்பட்டது டோர். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் ஆகியோர் வகுத்த கோட்பாட்டில் இது வேர்கொண்டது. ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன் ஆகியோரின் பங்களிப்போடு 2002இல் இயங்கத் தொடங்கியது. 2006 முதல் ஓர் இலாப நோக்கற்ற அமைப்பால் பேணப்படுகிறது. ஒன்றினுள் ஒன்றாக மூன்று உறைகளில் இடப்பட்ட கடிதத்தைப் போல, செய்தி மூன்று மறையாக்க அடுக்குகளில் பொதியப்பட்டு, தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று இடைக்கணினிகள் வழியே செல்கிறது. முதல் கணினிக்கு அனுப்புநர் தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குச் சேருமிடம் தெரியும், அனுப்புநர் தெரியாது. நடுவிலுள்ளதற்கு இரண்டுமே தெரியாது. முதல் கணினியும் கடைசிக் கணினியும் கூட்டுச் சேராத வரையில் முழுச் செய்தியும் எவரிடமும் இல்லை.

இவ்வமைப்பு மறைப்பது அனுப்புநரின் இருப்பிடத்தையே அன்றி, அனுப்பப்படும் உள்ளடக்கத்தை அன்று. இந்தப் பாடத்தை இந்திய அரசு அலுவலகங்கள் மிகுந்த விலை கொடுத்துக் கற்றன. 2007 ஆகஸ்டில் சுவீடனைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்பு ஆலோசகர் டான் எகர்ஸ்டாட், பல நாடுகளின் தூதரகங்களையும் அரசு அமைப்புகளையும் சேர்ந்த 100 மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை வெளியிட்டார். இந்தியத் தூதரகக் கணக்குகளும் பாதுகாப்புத் துறை சார்ந்த கணக்குகளும் அவற்றுள் இருந்தன. அவர் எந்த அமைப்பையும் உடைத்து நுழையவில்லை. டோரின் கடைசிக் கணினிகளில் ஐந்தைத் தாமே நடத்தி, அவற்றின் வழியே மறையாக்கமின்றிச் சென்ற கடவுச்சொற்களைப் படித்தார், அவ்வளவே. அடையாளமின்மையையும் மறையாக்கத்தையும் ஒன்றெனக் கருதியதன் விளைவு அது. எச்.டி.டி.பி.எஸ். பரவலான பின்னர் இவ்வகை ஆபத்து பெரிதும் குறைந்துள்ளது.

குறையாத ஆபத்து நேர ஒப்பீடு எனப்படுவது. இணைப்பின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே கண்காணிக்க வல்ல ஒருவர், உள்ளே நுழையும் போக்குவரத்தின் அளவும் நேரமும் வெளியேறும் போக்குவரத்துடன் பொருந்துவதைக் கொண்டு இரண்டையும் இணைத்துவிட முடியும். 2014 ஜனவரி முதல் ஜூலை வரை, டோருக்குள் புகுத்தப்பட்ட ஒரு தொகுதி இடைக்கணினிகள் இதையொத்த முறையில் பயனர்களை அடையாளம் காண முயன்றதை டோர் அமைப்பே கண்டறிந்து அறிவித்தது. உலகளாவிய கண்காணிப்பு வலிமை கொண்ட எதிரியிடமிருந்து காப்பதாகத் தாங்கள் உறுதியளிக்கவில்லை என்பதை அதன் வடிவமைப்பாளர்கள் 2004ஆம் ஆண்டு ஆய்வேட்டிலேயே எழுதியுள்ளனர்.

இன்னோர் எல்லை, ஊரளவில் சிந்திப்போருக்கு முதன்மையானது. அடையாளமின்மை என்பது கூட்டத்தில் மறைவது. கூட்டம் இல்லாத இடத்தில் மறைவதற்கு வழியில்லை. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பிய மாணவர் டோரைப் பயன்படுத்தியிருந்தார். டோரை எவரும் உடைக்கவில்லை. அந்த வேளையில் பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து டோருடன் இணைந்தவர்கள் வெகு சிலரே என்பதால், அச்சிலரை விசாரித்ததே போதுமானதாயிற்று. சென்னை போன்ற மாநகரில் டோர் பயனர் பலருள் ஒருவர். காடாம்புலியூரின் ஒரு கோபுர எல்லைக்குள் அவர் ஒருவரே இருக்கக்கூடும். டோர் பயன்படுத்தப்படுவதையே மறைக்கும் ‘பாலம்’ எனப்படும் பட்டியலிடப்படாத நுழைவுக் கணினிகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆனால் அவற்றை அமைக்கத் தெரிந்தோர் குறைவு.

கருவிக்கு வெளியே கசியும் அடையாளம்

இதுவரை கண்டவை எண்முகவரியைப் பற்றியவை. அம்முகவரி முற்றாக மறைந்தபின்னும் ஒருவரை அடையாளம் காட்டப் பிற தடயங்கள் போதும். உலாவியின் பதிப்பு, திரையின் அளவு, நிறுவப்பட்ட எழுத்துருக்கள், மொழித் தேர்வு, நேர வலயம், படம் வரையும் விதம் ஆகியவை தனித்தனியே சாதாரணமானவை. சேர்த்துப் பார்த்தால் ஒரு கருவியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை. உலாவிக் கைரேகை எனப்படும் இதனை அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி 2010இல் அளந்தபோது, ஏறத்தாழ 4,70,000 உலாவிகளில் 83.6 விழுக்காடு தமக்கு இணையற்ற கைரேகையைக் கொண்டிருந்தன. வி.பி.என். இதனைச் சற்றும் மாற்றுவதில்லை. இம்மூன்று கருவிகளுள் டோர் உலாவி மட்டுமே, தன் பயனர் அனைவரையும் ஒரே தோற்றமுடையோராகக் காட்ட முயல்வதன் மூலம் இதற்கு விடைகாணப் பார்க்கிறது.

தேடற்சொற்களே அடையாளமாவதும் உண்டு. 2006இல் ஏ.ஓ.எல். நிறுவனம், ஏறத்தாழ 6,50,000 பயனர்களின் தேடல்களைப் பெயர் நீக்கி, எண் மட்டும் இட்டு ஆய்வாளர்களுக்கென வெளியிட்டபோது, ஓர் எண்ணுக்குரிய தேடல்களில் இருந்த ஊர்ப்பெயரையும் குடும்பப்பெயரையும் கொண்டே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அவற்றுக்குரிய பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டினர். காடாம்புலியூரிலிருந்து சிதம்பரம் மருத்துவமனைக்கு வழி தேடும் ஒருவர், அத்தேடலிலேயே தம் ஊரை எழுதிவிடுகிறார்.

எல்லாவற்றினும் பெரிய கசிவு பயனரின் பழக்கமே. வி.பி.என். இயக்கத்தில் இருக்கும்போதே தம் சொந்தப் பெயரிலுள்ள மின்னஞ்சலைத் திறப்பவர், பிரிக்கப்பட்ட இரு பாதிகளையும் தாமே ஒட்டிவிடுகிறார். 2025 ஜூனில், பல மாநிலங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் அனுப்பியதாகச் சென்னையைச் சேர்ந்த ஒரு பொறியாளரை அகமதாபாத் காவல்துறை கைது செய்தபோது, வி.பி.என்., போலி மின்னஞ்சல் கணக்குகள் முதலியவை பயன்படுத்தப்பட்டிருந்தும், ஒரே கருவியில் உண்மைக் கணக்கும் போலிக் கணக்கும் திறக்கப்பட்ட சிறு பிழையே துப்புக் கொடுத்ததாக அதிகாரிகள் கூறினர். குற்றச்சாட்டின் உண்மை நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. கருவியின் கணிதம் வலுவாக இருந்தும் பயன்பாட்டு ஒழுங்கு தளர்ந்தால் காப்பு இராது என்பது மட்டும் இதிலிருந்து பெறப்படுகிறது.

சட்டம் நிற்கும் இடம்

இந்தியாவில் தனியுரிமைச் சட்ட வரலாற்றின் ஒரு மைல்கல் தமிழ்நாட்டிலேயே நடப்பட்டது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் இதழின் ஆசிரியர் ஆர். ராஜகோபால் தொடுத்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம், பிறர் தலையீடின்றி வாழும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கியது என அறிவித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஒருமனதாக உறுதிசெய்ததுடன், அதில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்டம், நியாயமான நோக்கம், அளவுப் பொருத்தம் ஆகியவை இருக்க வேண்டும் என வரையறுத்தது.

எனினும் நடைமுறை விதிகள் எதிர்த்திசையிலேயே வளர்ந்துள்ளன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் இடைமறிப்பு ஆணைகளை உள்துறைச் செயலாளரே பிறப்பிக்கலாம்; நீதிமன்ற முன்னனுமதி தேவையில்லை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்குக் கடமைகளை விதித்தாலும், அரசு அறிவிக்கும் தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் இடம் தருகிறது. சமூக ஊடகக் கணக்குகளுடன் ஆதாரை இணைக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018இல் தொடரப்பட்ட வழக்கு, வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்ற விவாதமாக மாறி, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி அதற்கான தொழில்நுட்ப வழியொன்றை 2019இல் முன்வைக்கும் அளவுக்குச் சென்றது. 2021ஆம் ஆண்டு விதிகள் அவ்வாறு கண்டறிவதைச் சட்டக் கடமையாகவே ஆக்கின.

காவல்துறையின் தரப்பையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையின் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தபோது, பெற்றோர் பதறியடித்துப் பள்ளிகளுக்கு ஓடினர். அனுப்பப் பயன்பட்ட புரோட்டான் மெயில் சேவையை இந்தியாவில் முடக்கும் நடவடிக்கை, தமிழகக் காவல்துறையின் கோரிக்கையை அடுத்துத் தொடங்கி, சுவிட்சர்லாந்து அரசு தலையிட்டதால் செயலுக்கு வராமல் நின்றது. ஆனால் அதே நிறுவனம் 2021இல், சுவிஸ் சட்டப்படி வந்த ஆணையை ஏற்று, பிரான்ஸ் நாட்டுச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐ.பி. முகவரியைப் பதிவுசெய்து அளித்தது என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒருவர்மீது முறையான ஆணை பெற்று விசாரிப்பதற்கும், குற்றம் செய்யாத அனைவரின் தடங்களையும் முன்கூட்டியே சேமித்து வைப்பதற்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது. மோசடிக்காரர் பிறர் பெயரில் வாங்கிய சிம் அட்டையையும் பிறர் வங்கிக் கணக்கையும் பயன்படுத்தி நழுவுகிறார். மெய்யான சான்றைக் கொடுத்துப் பதிவேட்டில் நிரந்தரமாக இடம்பெறுபவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும் குடிமகனே.

கருவியைப் பயன்படுத்துவதே குற்றத்தின் சாயலைப் பெறுவதும் கவலைக்குரியது. 2020 தொடக்கத்தில் காஷ்மீரில், இணையத் தடைக்கிடையே வி.பி.என். வழியே சமூக ஊடகங்களைப் பயன்படுத்தியோர்மீது காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. நாட்டின் எஞ்சிய பகுதிகளில் வி.பி.என்., டோர் ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்குப் பொதுவான தடை இல்லை. ஆனால் சில மாவட்டங்களில் விதிக்கப்படும் வி.பி.என். தடைகள், காப்பு தேடுவதையே ஐயத்துக்குரியதாக மாற்றுகின்றன.

முடிவுரை

முதலில் வகுத்த அளவுகோலின்படி, மறைநிலைச் சாளரம் எதையும் பிரிப்பதில்லை, ஆயினும் வீட்டாரின் பார்வையிலிருந்து காக்கிறது. வி.பி.என். இரு செய்திகளையும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறது, எனவே அந்தக் கையின் நேர்மையளவே அதன் காப்பும். டோர் மெய்யாகவே பிரிக்கிறது, ஆயினும் உடன் மறைய ஒரு கூட்டத்தையும் பயனரின் ஒழுங்கையும் அது வேண்டி நிற்கிறது. எனவே கருவியைத் தேர்வதற்கு முன் யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வதும், அடையாளம் மறைக்க வேண்டிய வேலையையும் சொந்தக் கணக்குகளையும் ஒரே உலாவியில் கலக்காதிருப்பதும், பணம் கேட்காத வி.பி.என்.ஐத் தவிர்ப்பதும் எந்தத் தொழில்நுட்ப அறிவும் இன்றி எவரும் கைக்கொள்ளத்தக்கவை.

ஆனால் பிரித்து வைப்பதைக் கருவி தொடங்கிவைக்க முடியுமே தவிர, பிரிந்தவை மீண்டும் சேராமல் தடுக்க அதனால் இயலாது. அது சட்டத்தின் வேலை. தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் 2 ஆண்டும், வி.பி.என். நிறுவனத்திடம் 5 ஆண்டும் பதிவுகள் காத்திருக்க, அவற்றைக் கோரும் ஆணையை நீதிமன்றம் பார்வையிடாத நிலை நீடிக்கும்வரை, காடாம்புலியூரில் தேடும் ஒருவருடைய தனியுரிமை அவர் நிறுவும் செயலியைவிட, அப்பதிவுகளை யார், எந்தக் காரணத்துக்காக, யாருடைய ஒப்புதலுடன் திறக்கலாம் என்பதையே பெரிதும் சார்ந்திருக்கும். புட்டசாமி தீர்ப்பு வகுத்த அளவுப் பொருத்தம் என்னும் நெறியைப் பதிவுக் காலத்துக்கும் இடைமறிப்பு ஆணைக்கும் பொருத்துவதே, எந்தக் கருவியாலும் தர இயலாத காப்பைத் தரும்.